வெறும் காகிதம்தானே?
பந்தயக் குதிரை, பதிவேடு, தண்டனை

1

'குதிரைக்காரன் ஒரு ஃபாரம் குடுக்க மறந்துட்டான்னா அதுல நமக்கு என்னங்க தோழர் இருக்கு?' என்று கேட்டார் நண்பர். பந்தயக் குதிரைப் பயிற்சியாளர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கைகள் பற்றி எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னபோது வந்த கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. குதிரைப் பந்தயம் பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு. பரிசை வாங்குகிறவர்களும் அவர்கள்தான், அபராதம் கட்டுகிறவர்களும் அவர்கள்தான். அவர்களுக்குள் நடக்கும் கணக்கு வழக்கில் ஒரு சிற்றிதழ் எதற்குத் தலையிட வேண்டும்?

என்னை இழுத்தது ஒரு சொல். பந்தய அமைப்புகளின் தீர்ப்புகளை வாசித்தால் 'நிர்வாக ரீதியான மீறல்' என்கிற வகைப்பாடு திரும்பத் திரும்ப வரும். குதிரைக்கு ஊக்கமருந்து கொடுத்தால் பெரிய குற்றம். 'ஜெயிக்காதே' என்று ஜாக்கியிடம் சொல்லி அனுப்பினால் அதைவிடப் பெரிய குற்றம். ஆனால் மருந்துப் பதிவேட்டை எழுதாமல் விட்டால், லாயத்தில் என்னென்ன குதிரைகள் இருக்கின்றன என்ற பட்டியலைக் காலத்தில் அனுப்பாமல் விட்டால், குதிரைக்குக் காயடித்ததைத் தெரிவிக்காமல் விட்டால், அது நிர்வாக விவகாரம். கொஞ்சம் அபராதம், ஒரு எச்சரிக்கை, அடுத்த வாரம் மறுபடி மைதானம். அதே பயிற்சியாளர் அதே தவறை மூன்றாம் முறை, நான்காம் முறை செய்யும்போதுதான் இந்த அமைப்புகள் திணறுகின்றன. கடுமையாகத் தண்டித்தால் 'ஒரு காகிதத்துக்காகவா பிழைப்பைக் கெடுப்பது?' என்ற குரல் எழுகிறது. தண்டிக்காமல் விட்டால் விதி செத்துப்போகிறது. இந்தத் திணறலை ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்க்கலாம் என்பதே என் எண்ணம்.

2

நம் சூழலில் இதற்குத் தயாராக ஒரு வாசிப்பு கைவசம் இருக்கிறது. பூக்கோவைப் படித்த, அல்லது படித்ததாகச் சொல்லிக்கொள்கிற எவரும் அதை உட்கார்ந்த இடத்தில் எழுதிவிடலாம். பதிவேடு அதிகாரத்தின் கண். படிவம் நுண் அதிகாரத்தின் கருவி. தேதி, நேரம், கையொப்பம் எல்லாம் உடலைப் பணிய வைக்கும் உத்திகள். 1975இல் வெளிவந்த சிறைச்சாலை பற்றிய தன் நூலில், உடல்களைப் பழக்குவதைச் சொல்ல அவர் பயன்படுத்தும் சொற்களில் ஒன்று 'த்ரெஸாஜ்'. குதிரையைப் பழக்குவதற்கான பிரெஞ்சுச் சொல் அது. குதிரையைப் பழக்குகிறவனையே இப்போது காகிதம் பழக்குகிறது என்று ஒரு வரி சேர்த்தால் கட்டுரை முடிந்தது. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்த வாசிப்பை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டவர் ஒரு நூற்பாலைத் தொழிலாளி. பல வருஷங்களுக்கு முன், கொங்குப் பகுதியில் ஒரு மில்லில் இயந்திரத்தில் சிக்கி அவருடைய இரண்டு விரல்கள் போயின. நஷ்டஈடு கேட்டுப் போனபோது மஸ்டர் ரோலில் அன்றைய தேதிக்கு எதிரே அவர் பெயர் இல்லை. அவரோடு சேர்ந்து பதினோரு பெண்களின் பெயர்களும் இல்லை. நிர்வாகத் தரப்பு பதறவே இல்லை. 'சூப்பர்வைசர் எழுத விட்டுட்டாரு, சின்ன அட்மினிஸ்ட்ரேட்டிவ் குறை, அவ்வளவுதான்' என்றது. வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றபோது அந்த அம்மா என்னிடம் கேட்டார்: 'நா அன்னைக்கு வேலைக்கே வரலீன்னா, என்ற வெரலு மட்டும் எப்படிங்கண்ணா மில்லுக்குள்ள வந்துச்சு?'

என்னிடம் பதில் இல்லை. பதிவேட்டை அதிகாரத்தின் கண் என்று மட்டும் பார்த்துப் பழகியவனுக்கு, பதிவேட்டில் வெற்றிடம் விடுவதும் அதிகாரத்தின் வேலைதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. எழுதப்படுவதால் ஒடுக்கப்படுகிறவர்கள் உண்டு. எழுதப்படாமல் விடப்படுவதால் ஒடுக்கப்படுகிறவர்களும் உண்டு. நம் கோட்பாட்டு எழுத்துகள் முதல் வகையைப் பற்றி நிறையப் பேசிவிட்டன. இரண்டாவது வகையை யோசிக்கத்தான் எனக்குக் குதிரை லாயம் தேவைப்படுகிறது.

3

குதிரை சாட்சி சொல்லாது. மற்ற எல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஜாக்கி கிளப் என்கிற கனவான்களின் சங்கம் பந்தயத்தை ஆண்டது. 2007 முதல் அந்த வேலையைப் பிரிட்டிஷ் குதிரைப்பந்தய ஆணையம் செய்கிறது. அதன் விதிகளின்படி ஒரு பயிற்சியாளர் எழுதி வைக்க வேண்டியவை கொஞ்சநஞ்சமல்ல. எந்தக் குதிரைக்கு, என்றைக்கு, என்ன மருந்து, எவ்வளவு, யார் கொடுத்தது என்ற பதிவேடு வேண்டும். தடுப்பூசித் தேதிகள் குதிரையின் பாஸ்போர்ட்டில் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குதிரை ஓட முடியாது. ஆண் குதிரைக்குக் காயடித்தால் தெரிவிக்க வேண்டும். 2018 ஜனவரி முதல், மூச்சு சீராவதற்காகச் செய்யும் தொண்டை அறுவையையும் தெரிவிக்க வேண்டும். அது பந்தயப் பட்டியலில் அச்சாகிறது.

இவை ஒவ்வொன்றும் அந்த மிருகத்தின் உடம்பில் நடந்த ஒரு காரியம். கத்தி பட்டிருக்கிறது, ஊசி இறங்கியிருக்கிறது. வலியைச் சொல்ல வாய் இல்லாத உயிர் அது. அதன் உடம்பில் நேற்று என்ன நடந்தது என்று வெளியுலகம் அறிய இருக்கும் ஒரே வழி அந்தப் பதிவேட்டின் ஒரு வரி. அந்த வரி விடுபட்டால் அதை எழுத்துப் பிழையோடு சேர்த்துப் பேச முடியாது. 'மருந்து கொடுத்தார்' என்று நிரூபிக்க ரத்தத்தில் மருந்து அகப்பட வேண்டும். 'எழுதவில்லை' என்று நிரூபிக்க வெற்றுப் பக்கம் போதும். ஆகவே வெற்றுப் பக்கத்துக்கான தண்டனை சிறியதாக இருக்குமானால், கெட்டிக்காரன் எதைத் தேர்வு செய்வான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக விடுபட்ட ஒவ்வொரு வரியும் சதி என்று சொன்னால் அதுவும் பொய். 2017 ஜூலையில் கிரேட் யார்மவுத் மைதானத்தில் இரண்டு வயதுக் குதிரைகளுக்கான பந்தயத்தில், 50க்கு 1 என்ற விலையில் ஒரு குதிரை ஜெயித்தது. பிறகு சோதித்தால் ஓடியது வேறு குதிரை. அதே லாயத்தின் மூன்று வயதுக் குதிரை அது. தவறுதலாகச் சேணம் கட்டி அனுப்பிவிட்டார்கள். உதவிக்கு ஆள் அதிகம் இல்லாத சின்ன லாயம். மோசடி என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் 1,500 பவுண்டு அபராதம். 2020 அக்டோபரில் நியூமார்க்கெட்டில் உயர்தரப் பந்தயம் ஒன்றில் ஏய்டன் ஓ'பிரையனின் இரண்டு குதிரைகள் ஒன்றின் பெயரில் மற்றொன்று ஓடின. உலகத்தின் மிகப் பெரிய லாயங்களில் ஒன்று அவருடையது. அபராதம் 4,000 பவுண்டு. அந்த இரண்டில் ஸ்னோஃபால் அடுத்த வருஷம் எப்சம் ஓக்ஸ் பந்தயத்தை 16 நீளத்தில் ஜெயித்தது. மதர் எர்த் ஆயிரம் கினி பந்தயத்தை ஜெயித்தது.

மனசறிந்து செய்தாரா இல்லையா என்று விதி பார்ப்பதில்லை. பொறுப்பு பயிற்சியாளருடையது, அவ்வளவுதான். இதை நான் ஏற்கிறேன். ஆனால் தண்டனை ரூபாயிலோ பவுண்டிலோ மட்டும் அளக்கப்படும்போது ஒரு கோளாறு நுழைந்துவிடுகிறது. தானே விடிகாலையில் குதிரைக்குத் தீனி வைத்து, ராத்திரி உட்கார்ந்து தானே படிவம் நிரப்புகிறவருக்கு 1,500 பவுண்டு ஒரு மாத நெருக்கடி. ஆபீஸும் அலுவலர்களும் வைத்து நடத்துகிறவருக்கு 4,000 பவுண்டு ஒரு கட்டணம். கட்டணம் கட்டிவிட்டால் தவறு வாங்கக்கூடிய பொருளாகிவிடுகிறது. பார்க்கிங் ரசீது மாதிரி.

4

திரும்பத் திரும்ப நடக்கும்போது என்ன ஆகிறது என்பதற்கு அமெரிக்காவின் ரிச்சர்ட் டட்ரோவின் கதையைப் பார்க்கலாம். 2008இல் கென்டக்கி டெர்பியை ஜெயித்த பிக் பிரவுன் குதிரையின் பயிற்சியாளர். 2010 நவம்பரில் நியூயார்க்கில் அவருடைய லாயத்தில், மேஜை டிராயரில் ஊசிகள் கண்டெடுக்கப்பட்டன. தான் வைத்ததல்ல என்றார். 2011 அக்டோபரில் மாநில வாரியம் குறைந்தது பத்து வருஷத்துக்கு அவருடைய லைசென்ஸைப் பறித்து 50,000 டாலர் அபராதமும் போட்டது. நீதிமன்றத்தில் போராடிப் பார்த்தும் பலனில்லை. 2013 தொடக்கத்தில் தண்டனை அமலுக்கு வந்தது.

இதில் நான் நின்று பார்ப்பது பத்து வருஷத்தை அல்ல, அதற்கு முந்தைய வருஷங்களை. 9 மாநிலங்களில், 15 மைதானங்களில், குறைந்தது 64 முறை அவர் பல்வேறு விதிமீறல்களுக்காகத் தண்டிக்கப்பட்டிருந்தார் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். அறுபத்து நாலு! ஒவ்வொன்றும் தனித்தனி விவகாரமாக விசாரிக்கப்பட்டு, தனித்தனியாக முடிக்கப்பட்டு, லைசென்ஸ் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. மாநிலத்துக்கு ஒரு வாரியம், வாரியத்துக்கு ஒரு விதி. ஒன்றின் ஏட்டை மற்றொன்று சேர்த்து வைத்து வாசிக்கவில்லை. தனி மீறலைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு மீறல்களின் வரிசை தெரியவில்லை. திடீரென்று ஒருநாள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து அதிர்ச்சி அடைந்தார்கள். அதுவரை கொசுக்கடி, அதற்குப் பிறகு தலைவெட்டு. நடுவில் ஒரு படிகூட இல்லை. தேசிய அளவில் ஒரே விதிமுறை கொண்டுவர அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது 2020 டிசம்பரில்தான். டட்ரோ 2023இல் திரும்பி வந்தார். அந்த வருஷமே அவருடைய வைட் அபாரியோ பிரீடர்ஸ் கப் கிளாசிக்கை ஜெயித்தது. தண்டனையை முழுதாக அனுபவித்துவிட்டு வந்தவர் ஜெயிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அறுபத்து நாலு வரை எண்ணாமல் இருந்தவர்களை யார் தண்டித்தார்கள் என்பதுதான் என் சந்தேகம்.

5

லாயத்தில் பேச முடியாத இன்னொரு உயிர் இருக்கிறது. அதற்கு வாய் உண்டு. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. குதிரையைத் தேய்த்து, சாணி அள்ளி, மைதானத்தில் கயிறு பிடித்து நடத்துகிற பணியாள். நம்மூரில் சைஸ்.

பிரிட்டனில் பரிசுப் பணத்தின் ஒரு சிறு பங்கு லாயப் பணியாளர்களுக்குப் பிரிந்து போக வேண்டும் என்று ஒரு ஏற்பாடு உண்டு. யாருக்கு எவ்வளவு என்பதற்குப் பயிற்சியாளர் எழுத்தில் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும். பணியாளர்களின் பெயர்களைப் பதிவு செய்யவும் வேண்டும். இவையும் 'நிர்வாக' விதிகள்தான். இந்தக் காகிதம் இல்லையென்றால் அந்தப் பங்கு எஜமானனின் இரக்கம். காகிதம் இருந்தால் உரிமை. 1975இல் நியூமார்க்கெட்டில் லாயப் பணியாளர்கள் வாரச் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கினி பந்தய நாளில் ஓடுதளத்தின் குறுக்கே உட்கார்ந்தார்கள். பந்தயம் பார்க்க வந்த கனவான்கள் இறங்கி வந்து அவர்களோடு மோதினார்கள். அந்த வருஷம்தான் அவர்களுக்கென்று தனிச் சங்கமும் பிறந்தது. அப்படி அடிபட்டு வாங்கிய உரிமைகள் இன்றைக்கு எங்கே வாழ்கின்றன என்றால், ஒரு படிவத்தின் கட்டத்துக்குள். அந்தக் கட்டத்தை நிரப்பாதவரைப் பார்த்து 'வெறும் பேப்பர் விஷயம்' என்று சிரிப்பது அந்த வேலைநிறுத்தத்தைப் பார்த்துச் சிரிப்பதுதான்.

6

இவ்வளவு சொன்னபிறகு அதிகாரத்தின் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டானே என்று தோழர்கள் நினைக்கலாம். இல்லை. காகிதம் எந்தத் திசையில் பயணிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். லாயத்திலிருந்து மேலே போகிறது. மேலேயிருந்து கீழே வருகிறதா?

1966 வரை ஜாக்கி கிளப் பெண்களுக்குப் பயிற்சியாளர் லைசென்ஸ் கொடுக்கவில்லை. ஆனால் பெண்கள் குதிரைகளைப் பயிற்றுவித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கிளப்புக்கும் அது தெரியும். என்ன செய்தார்கள்? லாயத்தின் தலைமைப் பணியாளரான ஆணின் பெயரில் லைசென்ஸ் கொடுத்தார்கள். அதாவது பொய்ப் பதிவை எழுத வைத்ததே அதிகாரம். ஃபுளோரன்ஸ் நேகல் என்கிற பெண்மணி தன் 71ஆம் வயதில் இதை மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை கொண்டுபோனார். தொழில் முழுவதையும் கையில் வைத்திருக்கும் ஒரு சங்கம், தன்னிஷ்டத்துக்கு ஒருவரை வேலை செய்யவிடாமல் தடுக்கலாமா என்பது விசாரிக்கப்பட வேண்டிய கேள்வியே என்று டென்னிங் பிரபு உள்ளிட்ட நீதிபதிகள் சொன்னார்கள். கிளப் இறங்கி வந்தது. அந்த வருஷமே அவர் பெயரில் லைசென்ஸ் வந்தது. ஐம்பது வருஷம் கழித்து, 2016இல், ஒரு பயிற்சியாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கைத் தீர்ப்பு செல்லாமல் போனது. தீர்ப்பு சொன்ன குழுவில் இருந்த வழக்கறிஞர் அதே ஆணையத்திடம் வேறு வேலைக்காகப் பணம் பெற்றிருந்தார். அது முன்கூட்டித் தெரிவிக்கப்படவில்லை. தெரிவிக்காமல் விட்டதற்காகத்தானே பயிற்சியாளர்களுக்கு அபராதம் போடுகிறார்கள்? மறுவிசாரணை நடந்தது. பிறகு தீர்ப்புக் குழுவைத் தனியாக, சுதந்திரமாக வைக்கும் ஏற்பாடும் வந்தது.

நம் சென்னைக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டு. 1974இல் திமுக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு நீண்டு, 1996 ஜனவரியில் உச்சநீதிமன்றம், குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமை சார்ந்த விளையாட்டு என்றது. எதை வைத்து? குதிரையின் வம்சம், பழைய ஓட்டங்கள், பயிற்சி, ஜாக்கியின் ஆற்றல் ஆகியவற்றை ஆராய்ந்து முடிவு செய்ய முடியும் என்பதை வைத்து. அந்த ஆராய்ச்சிக்கு மூலப்பொருள் எது? பதிவேடு. குதிரை காயடிக்கப்பட்டதா, அறுவை நடந்ததா, ஓடுவது அந்தக் குதிரைதானா என்பதெல்லாம் மறைக்கப்பட்டால், பந்தயம் கட்டுகிறவனின் 'திறமை' வெறும் குருட்டு யோகம். அப்புறம் அதற்கும் மூணு சீட்டுக்கும் என்ன வித்தியாசம்? பந்தயத்தைச் சூதிலிருந்து பிரித்துக் காட்டும் கோடு, 'வெறும் நிர்வாக' விஷயம் என்று ஒதுக்கப்படும் அந்தக் காகிதத்தின் மேல்தான் போடப்பட்டிருக்கிறது.

கிண்டியிலும் பயிற்சியாளருக்கு லைசென்ஸ் கொடுத்ததும், விசாரித்ததும், தண்டித்ததும் கிளப்பின் ஸ்டூவர்டுகள்தான். அந்தக் கிளப் உட்கார்ந்திருந்த 160.86 ஏக்கர் அரசு நிலம் 1946இல் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 காசு. உயர்த்தப்பட்ட வாடகைக்கான பாக்கி 730.86 கோடி ரூபாயைக் கட்டச் சொல்லி 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து மைதானத்துக்குச் சீல் வைத்தது. கிளப் இவற்றை எதிர்த்து வழக்காடியது. அது அவர்கள் உரிமை. ஆனால் காகிதம் காலத்தில் வரவில்லை என்று கீழே இருப்பவனைக் கேட்கிற இடத்திலிருந்த ஒரு சங்கம், தன் கணக்கு என்று வரும்போது பல பத்தாண்டுகள் வாதாட முடிந்தது என்பதை எந்த விதிப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதுவது?

7

அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று நண்பர் மறுபடி கேட்பார். சொல்கிறேன். முதல் முறை தவறுபவருக்கு அபராதத்தைவிட உதவியும் கெடுவும் பொருத்தம், அதிலும் சின்ன லாயமாக இருந்தால். இரண்டாவது முறை லாயத்தின் ஏடு முழுவதையும் பார்க்க வேண்டும், விடுபட்ட ஒரு வரியை மட்டும் அல்ல. மூன்றாவது முறை பணம் வாங்கக் கூடாது. காகிதம் சரியாகும்வரை அந்த லாயத்தின் குதிரைகள் ஓடக் கூடாது. தடுப்பூசிக்கு இந்த முறை ஏற்கெனவே இருக்கிறது, மற்றவற்றுக்கும் நீட்டலாம். இதில் ஒரு ஆபத்து உண்டு, மறைக்க விரும்பவில்லை. குதிரை ஓடாவிட்டால் பணியாளரின் பங்கும் நின்றுபோகும். எனவே அந்த நாட்களுக்கான பங்கைப் பயிற்சியாளர் தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும் என்று சேர்த்தே எழுத வேண்டும். தண்டிக்கிறவர்களும் தங்கள் ஏட்டைத் திறந்து வைக்க வேண்டும்: யார் விசாரித்தது, அவருக்கு யார் பணம் கொடுத்தது, ஒரே மாதிரி மீறலுக்குப் பெரியவருக்கு என்ன, சின்னவருக்கு என்ன.

இதெல்லாம் சீர்திருத்தம்தானே, பந்தயத்தையே ஒழிப்பதல்லவா நம் நிலைப்பாடு என்று ஒரு தோழர் சொல்லலாம். ஒழியட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒழிகிறவரைக்கும் அந்த லாயத்தில் குதிரை நின்றுகொண்டிருக்கும், சைஸ் சாணி அள்ளிக்கொண்டிருப்பார், யாரோ ஒருவர் ஊசி போட்டுவிட்டு எழுதாமல் போவார்.

அந்த நூற்பாலை வழக்கில் கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது மில் கேட்டில் வாட்ச்மேன் வைத்திருந்த ஒரு நாற்பது பக்க நோட்டு. உள்ளே போகிறவர்களின் பெயரை அவர் பென்சிலில் எழுதி வைத்திருந்தார், யாரும் சொல்லாமலேயே. அதில் பன்னிரண்டு பெயர்களும் இருந்தன. அந்த அம்மாவின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார். 'பரவால்லீங்கண்ணா, நாந்தான் அது' என்றார் அவர்.